மகளின் வாட்ஸ்அப் குழுவைத் தடுக்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. 9 வயதிலிருந்து டைப் 1 சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொள்கிறாள். ஓராண்டாக வீட்டில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பள்ளியில் கழிவறைக்குள் சென்றுதான் ஊசி போடுகிறாள். ஆனால், இதே நோயுள்ள பிள்ளைகள் இருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இரவு வெகுநேரம் பேசுகிறாள். முகம் தெரியாதவர்களோடு என்ன பேச்சு என்று பயமாக இருக்கிறது. கைபேசியை வாங்கி வைத்துவிடலாமா?

பதில்: வேண்டாம், அம்மா. உங்கள் பயம் நியாயமானதுதான். ஆனாலும், கழிவறையில் ஒளிந்து ஊசி போடும் ஒரு பெண்ணுக்கு, "நானும் அப்படித்தான் போட்டேன்" என்று சொல்லும் இன்னொரு பெண் எவ்வளவு பெரிய துணை என்பதை இந்தப் பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகளாக வைத்தியம் பார்த்துவரும் நான் அறிவேன். அந்தத் துணையை நீங்களும் தர முடியாது, நானும் தர முடியாது.

என்னிடம் வரும் ஒரு பையன் சர்க்கரை அளவுகளை எழுதும் நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்தான். ஒரு மாதத்து எண்களும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், 110, 120, 115 என்று அழகாக இருந்தன. இரத்தப் பரிசோதனை காட்டிய அவனுடைய மூன்று மாதச் சர்க்கரை சராசரியோ வேறு கதை சொன்னது. நான் எவ்வளவு கேட்டும் வாய் திறக்காதவன், தன் வயதுப் பிள்ளைகளின் குழு ஒன்றில் வேறொரு பையன் தானும் பொய்க் கணக்கு எழுதியதை ஒப்புக்கொண்ட பிறகு, அடுத்த முறை தானாகவே என்னிடம் உண்மையைச் சொன்னான். மீட்டரில் 280 வந்தால் வீட்டில் திட்டு விழும் என்பதே அவனுடைய பயம்.

இதில் நாம் புரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. பருவமடையும் வயதில் சுரக்கும் வளர்ச்சி ஹார்மோனும் பாலின ஹார்மோன்களும் இன்சுலினின் வேலையைத் தடுப்பதால், ஒரு கிலோ எடைக்கு ஒரு யூனிட்டுக்கு மேலும்கூட நாளொன்றுக்கு இன்சுலின் தேவைப்படலாம். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் பல பெண்களுக்குச் சர்க்கரை மேலும் ஏறும். பிள்ளை எதையோ திருட்டுத்தனமாகத் தின்றுவிட்டாள் என்று நாம் நினைக்கிறோம். அவளோ எல்லாம் சரியாகச் செய்தும் தோற்றுப்போவதாக மனம் உடைகிறாள். பள்ளியிலிருந்து வந்ததும் "சுகர் எவ்வளவு?" என்பதே முதல் கேள்வியாக இருந்தால், அவள் காதில் அது விசாரணையாகத்தான் விழும். முதலில் சாப்பிட்டாயா என்று கேளுங்கள்.

இத்தகைய குழுக்கள் தனிமையுணர்வைக் குறைக்க உதவுகின்றன. அவற்றால் மட்டுமே சர்க்கரை அளவு கட்டுக்குள் வந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். எல்லாக் குழுவும் நல்ல குழுவும் அல்ல. யார் நடத்துகிறார்கள், பொறுப்புள்ள பெரியவரோ செவிலியரோ இருக்கிறாரா, தனிச் செய்தி அனுப்பிப் புகைப்படமோ முகவரியோ கேட்பவர்கள் உண்டா என்று அவளிடமே கேளுங்கள். அவளுக்குத் தெரியாமல் செய்திகளைப் படித்தால், அதன்பிறகு எதையும் உங்களிடம் சொல்லமாட்டாள். இன்சுலின் அளவை மாற்றுவது மட்டும் மருத்துவரைக் கேட்டுத்தான். மூலிகையோ பொடியோ விற்றுக்கொண்டு "ஊசியை நிறுத்திவிடலாம்" என்று யாராவது சொன்னால், அந்தக் குழுவிலிருந்து அன்றைக்கே வெளியேற வேண்டும். டைப் 1 நோயில் இன்சுலின் நின்றால் ஓரிரு நாட்களிலேயே, சில சமயம் சில மணி நேரத்திலேயே, இரத்தத்தில் அமிலம் பெருகி உயிருக்கு ஆபத்தாகிவிடும். இரவு பத்து மணிக்குப் பிறகு கைபேசி கூடத்தில் இருக்கட்டும். இந்த விதி வீட்டில் எல்லோருக்கும் பொருந்தட்டும்.

குழுவால் தீராதவையும் உண்டு. வேண்டுமென்றே ஊசியைத் தவிர்ப்பது, எடை குறைய வேண்டும் என்று இன்சுலினைக் குறைப்பது, இரண்டு வாரங்களுக்கு மேல் எதிலும் பிடிப்பின்றி இருப்பது ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் உங்கள் மருத்துவரிடம் சொல்லி மனநல மருத்துவரைப் பாருங்கள். இருந்து என்ன பயன் என்பது போன்ற பேச்சு வந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். அவளைத் தனியே விடாமல், இன்சுலினை உங்கள் கைவசம் வைத்து, வேளை தவறாமல் நீங்களே உடனிருந்து போடச் செய்யுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ஐ இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

பள்ளியில் வகுப்பாசிரியரைச் சந்தித்து, அவள் ஊசி போட ஒரு சுத்தமான அறையைக் கேளுங்கள். அவள் சம்மதித்தால் நெருங்கிய தோழி ஒருத்தியும் உடன் இருக்கட்டும். அடுத்த முறை மருத்துவரிடம் அழைத்துச் செல்லும்போது, பத்து நிமிடம் நீங்கள் வெளியே காத்திருந்து, அவளை அவரோடு தனியாகப் பேச விடுங்கள்.