ஸ்கேனை விடுங்கள், கழுத்தைக் கவனியுங்கள்

இரண்டு வார இடைவெளியில் இரண்டு இடங்களில் எடுத்த ஸ்கேனில் வயிற்றின் உள்கொழுப்பு அளவு ஏன் மாறியது என்று கடிதத்தில் கேட்டிருக்கிறீர்கள். இரண்டே வாரத்தில் வயிற்றுக்குள் ஒரு சென்டிமீட்டர் கொழுப்பு கரைந்துவிடாது. ஜிம் முகாமில் 6.2 செ.மீ., ஸ்கேன் சென்டரில் 5.1 செ.மீ. என்று வந்தது அளந்த விதத்தால். வயிற்றுத் தசையின் பின்பக்கத்திலிருந்து முதுகெலும்பை ஒட்டி ஓடும் பெரிய ரத்தக்குழாய் வரை உள்ள தூரத்தைத்தான் அல்ட்ராசவுண்டில் உள்கொழுப்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். கருவியைச் சற்று அழுத்தினால் அந்தத் தூரம் குறையும். மூச்சை இழுத்தால் ஒன்று, விட்டால் ஒன்று, சாப்பிட்டுவிட்டுப் போனால் வேறொன்று. மூன்றாவது தடவை எடுக்க வேண்டாம்.

கையில் உருளும் கட்டி கொழுப்புக் கட்டி என்று ஸ்கேனிலேயே சொல்லிவிட்டார்கள். வளராமல், வலிக்காமல் இருக்கும்வரை அதை விட்டுவிடுங்கள். ‘கொழுப்பு இதயத்தை நெரித்துவிடும்’ என்ற வீடியோவையும் மறந்துவிடுங்கள். மாரடைப்பு அப்படி வருவதில்லை.

உங்களை உறங்கவிடாதது வேறு. அப்பா 52 வயதில் மாரடைப்பில் போய்விட்டார். ‘41 வயதில், 168 செ.மீ. உயரத்துக்கு 64 கிலோதான் இருக்கும் எனக்கும் அதுதானா?’ என்கிறீர்கள். எடை சரிதான். ஆனால் வயிற்றுச் சுற்றளவு 94 செ.மீ. என்றும் எழுதியிருக்கிறீர்கள். நம் ஆண்களுக்கு அது 90-க்குள் இருக்க வேண்டும். புனேயின் மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யட்கினும் 2004-இல் லான்செட் இதழில் தங்களையே உதாரணமாகக் காட்டினார்கள். இருவருக்கும் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு, 22.3. யட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடலில் 21.2. உங்கள் பிஎம்ஐ 22.7. ஒல்லியாக இருக்கிறோம் என்று நாம் நிம்மதியாக இருந்துவிட முடியாது.

நீங்கள் போகிறபோக்கில் கடைசி வரியில் எழுதியதுதான் எனக்கு முதல் வரி: “அப்புறம், பின்கழுத்து கருத்துத் தடித்திருக்கிறது, மருந்துக் கடையில் க்ரீம் வாங்கிப் போடுகிறேன்.” தேய்த்தாலும் போகாமல், வெல்வெட் துணிபோலத் தடித்த கருமை பெரும்பாலும் அழுக்கோ வெயிலோ அல்ல. இன்சுலின் சரியாக வேலை செய்யாததால் உடல் அதை அதிகமாகச் சுரக்கிறது என்பதற்குத் தோல் காட்டும் அடையாளம். அக்குளிலும் பாருங்கள். அந்த க்ரீமை இன்றே நிறுத்துங்கள். சீட்டு இல்லாமல் கடையில் தரும் இப்படிப்பட்ட க்ரீம்கள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. அது தோலை மெலிதாக்கும், உள்ளே நடப்பதைத் தொடாது. யாரைக் கேட்டு இதைப் போட ஆரம்பித்தீர்கள்?

இந்த வாரமே வெறும் வயிற்றில் சர்க்கரை, ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), கொலஸ்ட்ரால், கல்லீரல் என்சைம் பாருங்கள், ரத்த அழுத்தமும். ஹெச்பிஏ1சி 5.7-லிருந்து 6.4 வரை என்றால் சர்க்கரை நோயின் வாசலில் நிற்கிறீர்கள், அங்கிருந்து திரும்ப முடியும். சோற்றைக் குறைத்து, தினமும் அரை மணி நேரம் வேகமாக நடந்து, மூன்று நான்கு கிலோ இறங்கினாலே நிறைய மாறும். மாதம் ஒருமுறை தையல் டேப்பால் வயிற்றை அளந்தால் போதும். விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின்.

முடிவுகளோடு மருத்துவரிடம் போகும்போது கழுத்தைக் காட்டுங்கள். அப்பாவின் 52 வயதை மறக்காமல் சொல்லுங்கள்.