மிப்ஸ், வேவ்செல், காற்றுப்பை: சைக்கிள் ஹெல்மெட் கேள்வி பதில்

கேள்வி: சார், உள்ளே மஞ்சள் பிளாஸ்டிக் வலை இருந்தால் 'மிப்ஸ்' என்று சொல்லி விலையைக் கூட்டுகிறார்கள். நிஜமாகவே பயன் உண்டா?

பதில்: உண்டு என்றே நினைக்கிறேன். ஆனால் ஆதாரம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். சைக்கிளிலிருந்து விழும்போது தலை பெரும்பாலும் தரையில் சாய்வாகத்தான் மோதும். அப்போது தலை வெடுக்கென்று திரும்ப, உள்ளே மூளை திருகப்படும். இந்தச் சுழற்சிதான் மூளைக்கு ஆபத்து என்று ஆக்ஸ்ஃபோர்டு இயற்பியலாளர் ஹோல்போர்ன் 1943-லேயே ஜெலட்டின் மாதிரிகளை வைத்துச் சொல்லிவிட்டார். ஆனாலும் ஐரோப்பாவின் இஎன் 1078, அமெரிக்காவின் சிபிஎஸ்சி ஆகிய தரச்சோதனைகளில் சுழற்சியை அளப்பதே இல்லை. சுவீடனில் உருவான மிப்ஸ் அந்தக் குறையைத்தான் குறிவைக்கிறது. மோதும்போது வலை 10 முதல் 15 மி.மீ. வழுக்கும்; திருகும் வேகம் குறையும்.

சாய்வான தளத்தில் மோதவிட்டுப் பார்த்த ஆய்வகங்கள் இதை உறுதிசெய்திருக்கின்றன. ஒரு சிக்கல், பல சோதனைகளில் பயன்படும் பொம்மைத் தலைக்கு ரப்பர் தோல். அது ஹெல்மெட்டை இறுகப் பிடித்துக்கொள்ளும். நம் தலையில் முடியும் வியர்வையும் இருப்பதால் சாதாரண ஹெல்மெட்டே கொஞ்சம் வழுக்கும். ஆகவே மிப்ஸால் வரும் கூடுதல் லாபம் ஆய்வகக் கணக்கைவிடக் குறைவாக இருக்கலாம். விபத்தில் சிக்கிய மனிதர்களை ஒப்பிட்டு அந்த லாபம் இன்னும் நிறுவப்படவில்லை.

கேள்வி: அப்படியானால் சாதாரண தெர்மாகோல் ஹெல்மெட்டுக்கு அந்த ஆதாரம் இருக்கிறதா?

பதில்: இருக்கிறது, வலுவாகவே. காயமடைந்த 64,000-க்கும் மேற்பட்ட சைக்கிள் ஓட்டிகளைப் பற்றிய 40 ஆய்வுகளை ஆலிவியர், கிரைட்டன் இருவரும் 2016-ல் தொகுத்தார்கள். ஹெல்மெட் அணிந்தவர்களுக்குக் கடுமையான தலைக்காயத்தின் வாய்ப்பு சுமார் 69% குறைவு.

கேள்வி: தெர்மாகோலுக்குப் பதில் தேன்கூடு போன்ற பிளாஸ்டிக் அடுக்கு வைத்த வேவ்செல் ஹெல்மெட் 48 மடங்கு பாதுகாப்பு என்று படித்தேன் அண்ணா. நம்பலாமா?

பதில்: அந்த எண்ணை நம்பாதீர்கள். 2019-ல் விளம்பரத்தில் வந்தது அது. சோதனையில் அளந்த சுழற்சியை ஒரு சூத்திரத்தில் போட்டு, மூளை அதிர்ச்சிக்கான வாய்ப்பை மதிப்பிட்டு, சாதாரண ஹெல்மெட்டின் எண்ணை வேவ்செல்லின் எண்ணால் வகுத்தார்கள். வகுக்கும் எண் மிகச் சிறியதாக இருந்தால் மடங்கு எகிறத்தான் செய்யும். ஆய்வை நடத்தியவர்களும் வேவ்செல்லைக் கண்டுபிடித்தவர்களே. பொருள் மோசமில்லை, வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகச் சோதனையில் நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறது. மடங்குக் கணக்கு வேறு விஷயம்.

கேள்வி: கழுத்தில் மாட்டும் காற்றுப்பை?

பதில்: விழும்போது விரிந்து தலையைச் சூழ்ந்துகொள்ளும் சுவீடனின் ஹூவ்டிங்கைத்தானே கேட்கிறீர்கள். 2016-ல் ஸ்டான்ஃபோர்டு சோதனையில் தலைக்கு வரும் அதிர்வை அது வெகுவாகக் குறைத்தது. ஆனால் பையை முன்கூட்டியே ஊதிவைத்துத்தான் சோதித்தார்கள். சாலையில் அது சரியான நொடியில் விரிய வேண்டுமே! 2023 இறுதியில் சுவீடனின் நுகர்வோர் அமைப்பு விற்பனையை நிறுத்தச் சொன்னது, நிறுவனமும் திவாலானது.

கேள்வி: மகளுக்கு 10 வயது. எதை வாங்க?

பதில்: வர்ஜீனியா டெக் 2018 முதல் சுழற்சியையும் சேர்த்து அளந்து நட்சத்திரம் கொடுக்கிறது, பட்டியல் இலவசம். மிப்ஸ் உள்ள எல்லாமே ஐந்து நட்சத்திரம் வாங்குவதில்லை. விலை குறைந்தவை சில முன்வரிசையில் இருக்கின்றன. அப்புறம், மகளையும் கடைக்குக் கூட்டிப்போங்கள். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளியில் உட்கார வேண்டும். வாரைப் பூட்டியபின் தலையை ஆட்டச் சொல்லுங்கள். ஹெல்மெட் நகர்ந்தால் வேறு அளவு கேளுங்கள்.