உப்பாகும் போர்வெல்லுக்கு ஆழம் தீர்வில்லை
பெசன்ட் நகரில் போர்வெல் தண்ணீர் உப்புக் கரிக்கிறது, இன்னும் ஆழமாகப் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாங்க. கடலோரத்தில் நல்ல தண்ணீர் மேலே, உப்புத் தண்ணீர் அடியில். ஆழம் போகப் போக, மோட்டார் ஓட ஓட உப்புதான் ஏறி வரும். மூடிப் போட்ட பழைய கிணறு இருக்கிறது என்றீர்களே, அதைத் தூர்வாரி, மழைத் தண்ணீர் மண்ணில் இறங்கி உப்பைக் குறைக்கும்படி மொட்டைமாடிக் குழாயை அதில் விடுங்கள், நடுவில் ஜல்லியும் மணலும் போட்ட ஒரு தொட்டி வைத்து, முதல் மழையை மட்டும் வெளியே தள்ளிவிட்டு. 1,000 சதுர அடி மாடியில் 1 மி.மீ. மழைக்குச் சுமார் 93 லிட்டர். சென்னையில் வருடத்துக்குச் சுமார் 1,400 மி.மீ. பெய்கிறது, கணக்குப் போட்டுப் பாருங்கள். அப்புறம், குளிக்கிற தண்ணீரைக் கல்வாழைப் பாத்திக்கு விடலாம். பாத்திரம் கழுவுகிறது வேண்டாம், எண்ணெய்ப் பிசுக்கு மண்ணை அடைத்துவிடும். ஒரே மழையில் உப்பு போய்விடாது, சரியா?