வாசகர் கேள்வி பதில்: புளூட்டோவில் பிரேக் பிடிக்க முடியுமா?

கேள்வி: ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பினால் எங்கள் மொட்டை மாடியிலிருந்தே தெரியும். அதே ராக்கெட்டில் புளூட்டோவுக்கு ஒரு கலம் அனுப்ப முடியாதா? 2015இல் போன நாசா கலம் அங்கே நிற்காமல் ஏன் கடந்து போனது?
(வாசகர், சூலூர்பேட்டை)

பதில்: உங்கள் இரண்டாவது கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது. போவதைவிட நிற்பது கடினம்.

புளூட்டோவைக் கடந்த அந்த நாசா கலத்தின் பெயர் நியூ ஹொரைசன்ஸ். எடை 478 கிலோ. அதை விநாடிக்கு 16 கி.மீ.க்குச் சற்று மேலான வேகத்தில் பூமியை விட்டு அனுப்ப, பெரிய அட்லஸ் ராக்கெட்டின் உச்சியில் கூடுதலாக ஓர் அடுக்கு வைக்க வேண்டியிருந்தது. 2007 பிப்ரவரியில் வியாழனை உரசிப் போனபோது அதன் ஈர்ப்பால் விநாடிக்கு 4 கி.மீ. வேகம் இலவசமாகக் கிடைத்தது. பயணத்தில் மூன்று ஆண்டு மிச்சம். அப்படியும் ஒன்பதரை ஆண்டு ஆனது. எரிபொருளைச் சிக்கனம் பிடித்து மெதுவான பாதையில் போனால் சுமார் 45 ஆண்டு ஆகும்.

இப்போது நிறுத்திப் பார்ப்போம். புளூட்டோவை நெருங்கியபோது வேகம் விநாடிக்கு 13.8 கி.மீ. புளூட்டோவின் ஈர்ப்பு மிகச் சொற்பம், பிடித்து வைக்காது. காற்றும் நம் காற்றின் லட்சத்தில் ஒரு பங்குதான். வேகம் முழுவதையும் எஞ்சினே குறைத்தாக வேண்டும். நல்ல ரசாயன எஞ்சினில் புகை வெளியேறும் வேகம் விநாடிக்கு 3.1 கி.மீ. அளவு. கணக்குப் போட்டால், நிற்கவேண்டிய ஒவ்வொரு கிலோவுக்கும் 80 கிலோவுக்கு மேல் எரிபொருள் வேண்டும். 400 கிலோ கலத்துக்கு 32 டன்! அந்த 32 டன்னையும் முதலில் இங்கிருந்து தூக்கி, அதே வேகத்துக்குத் தள்ள வேண்டும்.

நமது எல்.வி.எம்.3 ராக்கெட், 2023இல் சந்திரயான்-3இன் 3,900 கிலோவைத் தூக்கியது உண்மை. ஆனால் விட்டது பூமியைச் சுற்றும் நீள்வட்டப் பாதையில்தான். மேலே இன்னோர் அடுக்கு இல்லாமல் புளூட்டோ வேகம் வராது. எங்களைக் கேட்டால், அடுத்து போகவேண்டிய இடம் புளூட்டோ அல்ல, யுரேனஸ். அங்கே ஈர்ப்பும் உண்டு, காற்றும் உண்டு; சுற்றுப்பாதையில் நிறுத்த வழியிருக்கிறது.

கேள்வி: எங்கள் வீட்டு மாடியில் சோலார் தகடு இருக்கிறது. அதையே பெரிதாகச் செய்து அனுப்பினால் என்ன? அந்தக் குளிரில் கருவிகள் எப்படித் தாங்குகின்றன?
(கல்லூரி மாணவி, நகரி)

பதில்: நெப்டியூன், சூரியனிலிருந்து பூமியைவிட 30 மடங்கு தூரம். தூரம் 30 மடங்கு என்றால் வெயில் 900இல் ஒரு பங்கு. வியாழனைச் சுற்றும் ஜூனோ கலத்தின் சோலார் தகடுகள் 60 சதுர மீட்டர். பூமிக்கருகே 14,000 வாட் தரக்கூடியவை, வியாழனில் 500 வாட் அளவுதான் தருகின்றன. அவற்றையே நெப்டியூனுக்கு எடுத்துப் போனால் 15 வாட் தேறும்.

அதனால் புளூட்டோனியம்-238 என்ற கதிரியக்க உலோகம். அது சிதையும்போது வரும் சூட்டை தெர்மோகப்பிள்கள் மின்சாரமாக்குகின்றன. நியூ ஹொரைசன்ஸில் இருந்தது ஆக்சைடு வடிவில் சுமார் 11 கிலோ. புளூட்டோவை அடைந்தபோது 200 வாட் கிடைத்தது. பழைய 60 வாட் குண்டு பல்பு மூன்றுதான் எரியும்! புளூட்டோனியம் பாதியாக 87.7 ஆண்டு ஆகும். ஆனால் தெர்மோகப்பிள்களும் தேய்வதால் மின்சாரம் அதைவிட வேகமாகக் குறையும்.

குளிரில் முதலில் படுப்பது எரிபொருள் குழாய். எரிபொருளான ஹைட்ரசீன் 2 டிகிரியிலேயே உறையும். உறையும்போது சுருங்கும் என்பதால் குழாய் அப்போது வெடிக்காது. திரும்ப இளகும்போது, நடுவில் இளகிய திரவம் இருபுறமும் உறைந்த கட்டிக்கிடையே மாட்டிக்கொண்டு விரியும். குழாய் பிளப்பது அப்போதுதான். அதனால் உறையவே விடக்கூடாது. கலத்தின் உடலைப் பல அடுக்குப் போர்வையால் சுற்றி, டீ ஃபிளாஸ்க் மாதிரி, உள்ளே இருக்கும் மின்கருவிகளின் சூட்டையே தேக்கி வைக்கிறார்கள். ஒரு கருவியை அணைத்தால் அந்தச் சூடும் போய்விடும். ஈடுகட்ட ஹீட்டர் போட வேண்டும்.

கேள்வி: அவ்வளவு தூரத்தில் ரிப்பேர் வந்தால்?
(வாசகர், குப்பம்)

பதில்: கையால் தொட முடியாது, கட்டளை மட்டுமே போகும். 2023 நவம்பரில், வெகுதூரம் போய்விட்ட நாசா கலமான வாயேஜர்-1 அர்த்தமில்லாத தகவல் அனுப்பத் தொடங்கியது. ஒரு நினைவகச் சிப் பழுது. அதிலிருந்த நிரலை மொத்தமாக வேறிடத்தில் வைக்க இடம் போதவில்லை. துண்டு துண்டாக வெட்டி வெவ்வேறு மூலைகளில் வைத்து, துண்டுகள் ஒன்றையொன்று தேடும் முகவரிகளையும் திருத்தினார்கள். கட்டளை போய்ச்சேர 22 மணி 30 நிமிடம், பதில் வர அதே நேரம். 2024 ஏப்ரலில் புரியும்படியான தகவல் மீண்டும் வரத் தொடங்கியது. அந்தக் கலத்தின் ரேடியோ அனுப்பும் சக்தி 23 வாட், பழைய டியூப் லைட் இழுப்பதில் பாதி சொச்சம். தகவல் விநாடிக்கு 160 பிட்.

நியூ ஹொரைசன்ஸுக்கு வந்தது வேறு வகை. புளூட்டோவுக்குப் பத்து நாள் முன்பு, படங்களைச் சுருக்கும் வேலையும் புதிய கட்டளைகளைப் பதிக்கும் வேலையும் ஒரே நேரத்தில் மோதி, கணினி திணறி மாற்றுக் கணினிக்குத் தாவியது. மூன்று நாளில் மீட்டார்கள். எடுத்த தகவல் முழுவதும் பூமிக்கு வந்துசேர 2016 அக்டோபர் ஆனது.

கேள்வி: இதிலெல்லாம் நம் பக்கத்துக்கு ஏதாவது பங்கு உண்டா?
(ஆசிரியர், சித்தூர்)

பதில்: உண்டு, அதுவும் உங்களுக்குப் பக்கத்திலேயே. 1977 மார்ச் 10இல் யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப் போனது. ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்தின் ஒரு மீட்டர் தொலைநோக்கி, கோள் வந்து மறைப்பதற்கு முன்பே நட்சத்திர ஒளி மங்கியதைப் பதிந்தது. யுரேனஸின் வளையங்கள் தெரியவந்த அன்றைய சில பதிவுகளில் அதுவும் ஒன்று. ஒன்பது ஆண்டு கழித்து, 1986 ஜனவரியில் வாயேஜர்-2 அந்த வளையங்களை அருகிலிருந்து படமெடுத்தது. அதன்பின் இதுவரை எந்தக் கலமும் யுரேனஸுக்குப் போகவில்லை.