படிப்பது முதலில், எழுதுவது பிறகு: ஐஜிஏ இணைப்பு கேள்வி பதில்

நிறுவன மென்பொருள்களை ஐஜிஏ (ஐடென்டிட்டி கவர்னன்ஸ் அண்ட் அட்மினிஸ்ட்ரேஷன்) தளத்தோடு இணைக்கும் வேலையில் 14 வருடமாக இருக்கிறேன். யாருக்கு எந்த மென்பொருளில் என்ன அனுமதி இருக்கிறது, அதை யார் கொடுத்தார், இன்னும் தேவையா என்று கணக்கு வைப்பதுதான் ஐஜிஏ. செயில்பாயிண்ட், சேவியண்ட் என்று தளம் எதுவானாலும் மாட்டிக்கொள்ளும் இடங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். கேள்விகள் வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அக்கா, ஜாவா சப்போர்ட்டிலிருந்து ஐஜிஏ டீமுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. "இந்த அப்ளிகேஷனை ஆன்போர்ட் பண்ணு", அதாவது தளத்தோடு இணை, என்று டிக்கெட் கொடுத்துவிட்டார்கள். எங்கே தொடங்குவது?

பதில்: கனெக்டர் (தளத்தையும் அப்ளிகேஷனையும் இணைக்கும் நிரல்) பக்கத்தைத் திறக்காதீர்கள். அந்த அப்ளிகேஷனைப் பார்த்துக்கொள்கிறவரோடு அரை மணி நேரம் பேசுங்கள். கணக்குகள் எங்கே இருக்கின்றன? பலர் சேர்ந்து பயன்படுத்தும் பொதுக் கணக்கு உண்டா? புதிதாக அனுமதி கேட்டால் யார் ஒப்புதல் தருகிறார்? வேலையை விட்டுப் போனவரின் கணக்கை அழிப்பீர்களா, முடக்குவீர்களா? கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். ஆரக்கிள் ஈ-பிசினஸ் சூட்டில் ஒரு பயனரை நீக்க வழியே இல்லை, முடிவுத் தேதி போட்டு நிறுத்துவதுதான் வழக்கம். இது தெரியாமல் "டெலீட்" என்று டிசைன் எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிட்டால், பிறகு எல்லாவற்றையும் திருத்த வேண்டும்.

அப்புறம், முதல் இரண்டு மூன்று வாரம் படிக்க மட்டும் இணையுங்கள். கணக்குகளையும் அனுமதிகளையும் கொண்டுவாருங்கள், யாருடையது என்று தெரியாத கணக்குகளை உட்கார்ந்து பாருங்கள். எழுதும் அனுமதியை, அதாவது அந்த அப்ளிகேஷனில் மாற்றம் செய்யும் உரிமையை, கடைசியில் கேளுங்கள். நாம் தவறாக எழுதும் ஒரு வரியால் யாரோ ஒருவரின் அன்றைய வேலை நின்றுபோகும் என்பதால்தான் இதில் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன்.

கேள்வி: மேடம், ஆக்டிவ் டைரக்டரிக்கு (ஏடி, விண்டோஸ் நெட்வொர்க்கின் பயனர் பட்டியல்) சர்வீஸ் அக்கவுண்ட் (தளம் உள்ளே நுழையும் கணக்கு) கேட்டோம். முழு நிர்வாக உரிமையான டொமைன் அட்மின் தர மாட்டோம் என்கிறார்கள் ஏடி டீம். எங்கள் லீட் அது கட்டாயம் வேண்டும் என்கிறார்.

பதில்: ஏடி டீம் சொல்வதுதான் சரி. பயனர்கள் இருக்கும் ஓயூவில் (ஏடிக்குள் உள்ள ஒரு பிரிவு) கணக்கு உருவாக்க, திருத்த, பாஸ்வேர்ட் மாற்ற உரிமை. குழுக்கள் இருக்கும் ஓயூவில் உறுப்பினர் பட்டியலை எழுத உரிமை. இவ்வளவு போதும். பாஸ்வேர்டை எல்டாப் (ஏடியோடு பேசும் நெறிமுறை) வழியாக மாற்ற மறையாக்கம் செய்த இணைப்பு வேண்டும், ஆகவே 636 போர்ட்டையும் சான்றிதழையும் முதல் நாளே கேட்டுவிடுங்கள். ஃபயர்வால் டிக்கெட்டில் ஒரு வாரம் போவது சாதாரணம்.

இரண்டு விஷயங்கள் உங்களைக் குழப்பும். சில பேருக்கு மட்டும் "அணுகல் மறுப்பு" வரும். அவர்கள் டொமைன் அட்மின்ஸ் போன்ற பாதுகாக்கப்பட்ட குழுக்களில் இருப்பவர்கள். அவர்களுடைய கணக்கின்மேல் யாருக்கு என்ன உரிமை என்பதை ஏடியே 60 நிமிடத்துக்கு ஒருமுறை பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடும். அந்தக் கணக்குகளை இந்த ஓட்டத்திலிருந்து விலக்கி, தனியாக நிர்வகியுங்கள். இன்னொன்று, கணக்கை முடக்க யூசர்அக்கவுண்ட்கண்ட்ரோலில் (கணக்கின் நிலையைச் சொல்லும் எண்) நேரே 514 என்று எழுதும் ஸ்கிரிப்ட்களை நிறைய பார்த்திருக்கிறேன். பாஸ்வேர்ட் காலாவதி ஆகாத கணக்கின் மதிப்பு 66048. அதன்மேல் 514 எழுதினால் அந்த அடையாளமும் சேர்ந்து போய்விடும். இருக்கும் மதிப்பைப் படித்து, முடக்குவதற்கான 2 என்ற பிட்டை மட்டும் மாற்றுங்கள்.

கேள்வி: எஸ்ஏபி-க்கு (நிதி முதலிய பிரிவுகள் பயன்படுத்தும் நிறுவன மென்பொருள்) நாங்களே ஜாவாவில் கனெக்டர் எழுதினோம். ஒருவருக்கு ஒரு ரோல் (அனுமதிகளின் தொகுப்பு) சேர்த்தோம், அவரிடம் ஏற்கெனவே இருந்த ரோல்கள் எல்லாம் காணாமல் போய்விட்டன! இப்போது நிதிப் பிரிவே எங்கள்மேல் கோபமாக இருக்கிறது.

பதில்: பதறாதீர்கள், திரும்ப எடுக்கலாம். எஸ்யூஐஎம் என்ற எஸ்ஏபி அறிக்கைத் திரையில் பயனர்களுக்கான மாற்ற ஆவணங்கள் இருக்கும். எந்த நிமிடம் எந்த ரோல் போனது என்று அதில் தெரியும். அதை வைத்து முதலில் அவர்களுக்குத் திருப்பிக் கொடுங்கள், காரணத்தைப் பிறகு பேசலாம்.

இனி காரணம். ரோல் ஒதுக்கும் பாபி (வெளி நிரல்கள் எஸ்ஏபியில் கூப்பிடும் செயல்பாடு), பாபி_யூசர்_ஆக்ட்குரூப்ஸ்_அசைன், "சேர்" என்ற வேலையைச் செய்வதில்லை. நீங்கள் கொடுக்கும் பட்டியல்தான் அந்தப் பயனரின் முழுப் பட்டியல் என்று எடுத்துக்கொள்ளும். ஒரு ரோலை மட்டும் அனுப்பினால் அந்த ஒன்றுதான் மிஞ்சும். ஆகவே முதலில் பயனர் விவரம் தரும் பாபியைக் கூப்பிட்டு இருக்கும் ரோல்களை எடுங்கள், புதியதைச் சேருங்கள், மொத்தமாகத் திருப்பி எழுதுங்கள். ஒவ்வொரு ரோலுக்கும் உள்ள தொடக்க, முடிவுத் தேதிகளையும் அப்படியே எழுத வேண்டும். இல்லையென்றால் மார்ச்சில் முடிய வேண்டிய தற்காலிக அனுமதி நிரந்தரமாகிவிடும். கலப்பு ரோல் (பல ரோல்களைச் சேர்த்த ஒரு ரோல்) வழியாக வந்த உள் ரோல்களை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். ஏஜிஆர்_யூசர்ஸ் அட்டவணையில் கோல்_ஃபிளாக் பத்தியில் எக்ஸ் இருப்பவை அவை. ஒரே நேரத்தில் ஒரே பயனருக்கு இரண்டு கோரிக்கைகள் ஓடினால், இரண்டும் பழைய பட்டியலைப் படித்துவிட்டு ஒன்றின் மேல் ஒன்று எழுதும். பயனர்வாரியாக வரிசை போடுங்கள்.

இன்னும் ஒன்று சொல்லிவிடுகிறேன். யூஎஸ்ஆர்02 அட்டவணையில் பூட்டு நிலையைச் சொல்லும் யூஃபிளாக் 64 என்றால் நிர்வாகி பூட்டியது. 128 என்றால் பாஸ்வேர்டைத் தப்பாகப் போட்டுப் பூட்டிக்கொண்டது. இரண்டையும் "முடக்கப்பட்டது" என்று ஒன்றாகப் படித்தால், திங்கள் காலை பாஸ்வேர்ட் மறந்தவர் எல்லாம் உங்கள் அறிக்கையில் வேலையை விட்டுப் போனவர் போலத் தெரிவார்கள்.

கேள்வி: அமெரிக்க வாடிக்கையாளர், சென்னையிலும் அலுவலகம். பெயர், குடும்பப் பெயர் இரண்டையும் வைத்துக் கணக்கை ஆளோடு பொருத்தினோம். அங்கே எல்லாம் சரியாக வந்தது, சென்னையில் பாதிக்குமேல் பொருந்தவில்லை. ஏன்?

பதில்: ஏனென்றால் நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது! ஒரே கார்த்திக், எச்ஆர் பதிவில் குடும்பப் பெயராக "எஸ்", ஏடியில் "சுப்ரமணியன்", இன்னொரு அப்ளிகேஷனில் வெறும் புள்ளி. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருந்தவருக்கு அமெரிக்க விசாவில் முதல் பெயர் எஃப்என்யூ (ஃபர்ஸ்ட் நேம் அன்னோன்) என்று வரும், சொந்தப் பெயர் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய்விடும். அதைப் பார்த்துப் பதிவு செய்தால் எஃப்என்யூ என்ற பெயரில் ஒரு கூட்டமே சேர்ந்துவிடும். தவறு அவர்கள் பெயரில் இல்லை, நம் விதியில்தான்.

பணியாளர் எண்ணை வைத்துப் பொருத்துங்கள். அது இல்லாத அப்ளிகேஷனில் மின்னஞ்சல். பெயரை வைத்து "இவராக இருக்கலாம்" என்று ஒரு மனிதருக்குப் பரிந்துரை காட்டலாம், ஆனால் தானாக இணைக்கக்கூடாது. தவறாக இணைந்தால் ஒரு கார்த்திக் வேலையை விட்ட அன்று இன்னொரு கார்த்திக்கின் கணக்கு மூடப்படும். லாகின் பெயரை உருவாக்கும் விதியையும் பாருங்கள். ஏடியின் சாம்அக்கவுண்ட்நேமில் 20 எழுத்து, எஸ்ஏபி பயனர் பெயரில் 12 எழுத்துதான். ஆங்கிலத்தில் மீனாட்சிசுந்தரம் என்று எழுதவே 17 எழுத்து ஆகிறது. வெட்டிய பிறகு இரண்டு பேருக்கு ஒரே பெயர் வந்தால் என்ன செய்வது என்பதை முன்பே எழுதி வையுங்கள்.

கேள்வி: வெண்டர் "ஸ்கிம் இருக்கிறது" என்கிறார். நம்பலாமா?

பதில்: ஸ்கிம் என்பது பயனர் கணக்குகளை உருவாக்கவும் மாற்றவும் மென்பொருள்கள் பேசிக்கொள்ளும் பொது முறை. அதன் 2.0 பதிப்பு 2015-லேயே ஆர்எஃப்சி 7643, 7644 என்று தரமாக வந்துவிட்டது. ஆனால் அதில் எதையெல்லாம் செய்திருக்கிறார்கள் என்பது வெண்டருக்கு வெண்டர் மாறும். பேட்ச் (ஒரு பகுதியை மட்டும் மாற்றும் கோரிக்கை) வேலை செய்கிறதா, முடக்கிய பயனர்களும் பட்டியலில் வருகிறார்களா, பெரிய குழுவில் ஒருவரை மட்டும் நீக்க முடிகிறதா என்று போஸ்ட்மேன் என்ற ஏபிஐ சோதனைக் கருவியில் நீங்களே பாருங்கள். ஒரு மதியம் போதும்.

கேள்வி: சிஎஸ்வி கோப்பு வழியாக வரும் பழைய அப்ளிகேஷன் ஒன்று இருக்கிறது. அதில் என்ன கவனிக்க வேண்டும்?

பதில்: இதில் நான் அடிபட்டிருக்கிறேன். ஒரு வாடிக்கையாளரிடம் இரவில் கோப்பு பாதிதான் வந்து சேர்ந்தது. வராத பாதி பேரின் கணக்குகள் நீக்கப்பட்டுவிட்டன என்று தளம் எடுத்துக்கொண்டது. அனுமதி வைத்திருக்க வேண்டியவர்களிடம் கணக்கில்லையே என்று அது தானாகவே புதுக் கணக்குக் கோரிக்கைகளை எழுப்ப ஆரம்பித்தது. காலையில் அந்த அப்ளிகேஷன் டீமின் வரிசையில் கோரிக்கைகள் குவிந்து கிடந்தன. அன்றிலிருந்து மூன்று காவல் இல்லாமல் கோப்பை உள்ளே விடுவதில்லை. கடைசி வரியில் மொத்த எண்ணிக்கை இருக்க வேண்டும். வேறு பெயரில் எழுதி, முழுதாக முடிந்தபின்தான் சரியான பெயருக்கு மாற்ற வேண்டும். நேற்றைவிடக் குறிப்பிட்ட சதவீதத்துக்குமேல் கணக்குகள் குறைந்தால் நீக்குவதை நிறுத்த வேண்டும். இந்த மூன்றாவது வசதி பல தளங்களில் ஏற்கெனவே இருக்கிறது, அதை அணைத்து வைக்காதீர்கள்.

கேள்வி: கடைசி வேலை நாளன்று மதியத்துக்குள்ளேயே ஆக்சஸ் போய்விட்டது என்று சென்னை ஊழியர்கள் சொல்கிறார்கள்.

பதில்: சர்வர் சிகாகோ நேரத்தில் ஓடுகிறதா? அங்கே நள்ளிரவு 12 மணி என்றால் நமக்குக் குளிர்காலத்தில் காலை 11.30, கோடையில் 10.30. "கடைசி நாள் வந்துவிட்டால் முடக்கு" என்று விதி இருந்தால், பாவம், விடைபெறும் மெயில்கூட எழுத முடியாது. "அடுத்த நாள்" என்று மாற்றினால், வேலையில் இல்லாதவரின் கணக்கு மறுநாள் காலை வரை திறந்தே கிடக்கும். ஊழியர் இருக்கும் ஊரின் நேர மண்டலத்தை எச்ஆர் தரவிலிருந்து எடுத்து, அவருடைய ஊரில் கடைசி நாள் இரவு 12 மணி தாண்டியதும் முடக்குங்கள். முடக்கும் வேலையை மணிக்கொருமுறை ஓட விடுங்கள்.

கேள்வி: வீட்டில் பழகிப் பார்க்க வழி உண்டா அக்கா? லைசென்ஸ் வாங்க முடியாது.

பதில்: உண்டு. மிட்பாயிண்ட் திறந்த மூல ஐஜிஏ மென்பொருள், ஸ்லோவாக்கியாவின் எவோல்வியம் நிறுவனத்தாருடையது. விண்டோஸ் சர்வரின் சோதனைப் பதிப்பு 180 நாள் இலவசம். அதில் ஏடி போடுங்கள், 50 பேர் கொண்ட ஒரு சிஎஸ்வியை எச்ஆராக வைத்துக்கொள்ளுங்கள். அந்த 50 பேரில் இரண்டு கார்த்திக், இனிஷியல் இல்லாத ஒருவர், ஒரு மீனாட்சிசுந்தரம் கட்டாயம் இருக்கட்டும். இணைத்து முடித்ததும் சிஎஸ்வியில் பாதியை அழித்துவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள்.