மூன்று கேமரா, ஒரே முகம், மூன்று நிறம்

கேள்வி: அம்மாப்பேட்டை மாடி அறையில் நானும் நண்பரும் வீடியோ பாட்காஸ்ட் எடுக்கிறோம். கையில் ஒரு மிரர்லெஸ் கேமரா, ஒரே மாடலில் இரண்டு போன். ஒவ்வொன்றிலும் முகம் ஒரு நிறம். டியூப்லைட் போட்டால் கறுப்புப் பட்டை ஓடுகிறது. அரை மணி தாண்டினால் உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். நல்ல கேமரா இன்னொன்று வாங்கட்டுமா?
- வாசகர், சேலம்

பதில்: வாங்காதீர்கள். கோளாறெல்லாம் 'ஆட்டோ'வில்தான். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப்லைட் நொடிக்கு 100 தடவை மங்கித் தெளிகிறது. மூன்றிலும் நொடிக்கு 25 பிரேம் (படம்), ஷட்டர் 1/50 நொடி வையுங்கள், பட்டை போய்விடும். போனில் வழக்கமாக வரும் ஆப் பெரும்பாலும் இதற்கு வளைந்து கொடுக்காது. பிளாக்மேஜிக் கேமரா என்ற இலவச ஆப் உங்கள் போனில் ஓடினால் ஷட்டர், ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்), ஒயிட் பேலன்ஸ் (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிற அமைப்பு) மூன்றையும் அதில் பூட்டி வைக்கலாம்.

ஒயிட் பேலன்ஸ் எல்லாவற்றிலும் 5600 கெல்வின். விளக்கும் அதே 5600 எல்இடி. அறையின் டியூப், மஞ்சள் பல்பு எதுவும் எரியக்கூடாது. அப்படியும் கம்பெனிக்குக் கம்பெனி நிறம் கொஞ்சம் மாறும். ஆரம்பத்தில் முகத்தருகே ஒரு வெள்ளைத் தாளை ஐந்து நொடி பிடித்தால், எடிட்டில் அதை வைத்துச் சரிக்கட்டலாம்.

'நல்ல கேமரா விருந்தினருக்கு' என்று பலரும் வைப்பார்கள். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டு குளோஸ்-அப்பும் மாறி மாறி வெட்டப்படுகிற இடத்தில்தான் நிற வித்தியாசம் கண்ணில் குத்தும். அதனால் முகங்களுக்கு இரண்டு போன், இருவரும் சேர்ந்து தெரியும் வைடுக்கு மிரர்லெஸ். உங்களில் ஒருவரிடமிருந்து மற்றவர் வரை ஒரு கோடு இழுத்ததாக நினைத்துக்கொண்டு, மூன்றையும் அதன் ஒரே பக்கத்தில், கண் உயரத்தில் நிறுத்துங்கள். ஒன்று மறுபக்கம் போனாலும் இருவரும் ஒரே திசையைப் பார்த்துப் பேசுவது போலத் தெரியும்.

உதடு விலகக் காரணம், போன் பிரேம் எண்ணிக்கையை நடுநடுவே கூட்டிக் குறைப்பது. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் பிரேம் எண்ணிக்கையை 25, 'கான்ஸ்டன்ட்' (மாறாதது) என்று மாற்றிவிட்டு எடிட்டில் போடுங்கள். குரலைத் தனி ரெக்கார்டரில் 48 கிலோஹெர்ட்ஸில் பிடியுங்கள். போனில் பதிவாகும் ஒலி, படத்தையும் குரலையும் பொருத்த மட்டும். எல்லாம் ஓடத் தொடங்கியதும் ஒரு கைதட்டல், நிறுத்துமுன் இன்னொன்று. முதல் தட்டலைப் பொருத்தினால் கடைசித் தட்டலும் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் எத்தனை பிரேம் விலகியதென்று அங்கேயே எண்ணிவிடலாம்.

போன் ஃப்ளைட் மோடில் இருக்கட்டும். அழைப்பு வந்தால் ரெக்கார்டிங் நின்றுவிடும். இடமும் பாருங்கள்: 100 எம்பிபிஎஸ்ஸில் (நொடிக்கு 100 மெகாபிட்) ஒரு மணி நேரம் என்றால் ஒரு கேமராவுக்கே 45 ஜிபி.

கேள்வி: ஏற்காட்டில் காட்டேஜ் ஜன்னலைப் பின்னணியாக வைத்து எடுக்கலாமா?
- வாசகி, அஸ்தம்பட்டி

பதில்: ஒரு ஷாட்டுக்கு அழகு, ஒரு மணி நேரப் பேச்சுக்கு வம்பு. மூடுபனி வந்து விலகும்போதெல்லாம் வெளிச்சம் ஏறி இறங்கும்; வெட்டுக்கு வெட்டு அது காட்டிக்கொடுக்கும். திரையை இழுத்துவிட்டு எல்இடியில் எடுங்கள். குளிரில் இருந்த கேமராவைச் சூடான அறைக்குள் கொண்டுவந்ததும் பையைத் திறக்காதீர்கள், லென்ஸில் ஆவி படியும். ஜிப் கவரில் மூடியபடி அரை மணியாவது கிடக்கட்டும்.