ஸ்கேனைப் பார்த்தார்கள், முதுகைப் பார்த்தார்களா?

கேள்வி: வயது 41. கோவையில் வசிக்கிறேன். விடுமுறை நாட்களில் நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டுவேன். மூன்று வாரங்களுக்கு முன் மழையில் வழுக்கி, இடுப்பு தரையில் மோத விழுந்தேன். இப்போது வலி இடுப்பிலிருந்து இடது கால் பெருவிரல் வரை இழுக்கிறது. தும்மினால் உயிர் போகிறது. எண்ணெய் போட்டு உருவியும் பார்த்தேன். நானாகவே எடுத்த எம்.ஆர்.ஐ. ஸ்கேனில், முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க் பிதுங்கியிருக்கிறது, எலும்பு முறிவு இல்லை என்று வந்திருக்கிறது. ஒருவர் அறுவை சிகிச்சை என்கிறார், இன்னொருவர் இனி சைக்கிளைத் தொடவே கூடாது என்கிறார். நான் யாரிடம் போவது?

பதில்: இந்த மூன்று வாரங்களில் உங்களைப் படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பார்த்த மருத்துவர் யாராவது உண்டா? கடிதத்தில் அப்படி ஒருவரும் தென்படவில்லை. வலியே இல்லாத 40 வயதுக்காரர்களை ஸ்கேன் எடுத்தாலும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் தெரியும். உங்கள் வலிக்கு அதுதான் காரணமா என்பது தொட்டுப் பரிசோதித்தால்தான் புரியும்.

எலும்பு மூட்டு மருத்துவரிடமோ தண்டுவட மருத்துவரிடமோ போங்கள். அரசு மருத்துவமனையின் எலும்பு முறிவு சிகிச்சைப் பிரிவும் போதும். முழங்காலை மடக்காமல் காலை உயர்த்தி, வலி எங்கே இழுக்கிறது என்று பார்ப்பார். குதிகாலால் நடக்கச் சொல்வார். உங்கள் கால் பெருவிரலைக் கையால் அழுத்தியபடி, அதை மேலே தூக்கச் சொல்வார். விரல் தோற்றுப்போனால் நரம்பு பலவீனப்பட்டிருக்கலாம்.

கால் பலம் குறைந்துகொண்டே போனாலோ, சிறுநீர் வராமல் நின்றாலோ, தன்னையறியாமல் கசிந்தாலோ, ஆசனவாயைச் சுற்றி மரத்தாலோ அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். சைக்கிள்காரர்கள் ஏமாறும் இடம் இது. சீட் அழுத்தி அந்தப் பகுதி மரத்துப்போவது அவர்களுக்குப் பழகிய சங்கதி. சீட்டால் வந்த மரப்பு, பெரும்பாலும் இறங்கிய சற்று நேரத்தில் விலகிவிடும். சைக்கிளைத் தொடாத நாட்களில் வந்தால் சீட்டின்மேல் பழி போடாதீர்கள்.

இவை எதுவும் இல்லையென்றால், பெரும்பாலோருக்கு 6 முதல் 12 வாரங்களில் கத்தி படாமலே வலி தணிந்துவிடும். உருவுவதை நிறுத்துங்கள். படுத்தே கிடக்கவும் வேண்டாம், முடிந்த அளவு நடங்கள். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளை வாரக்கணக்கில் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடும்.

சைக்கிளைத் தொடவே கூடாது என்பதை நான் ஏற்கவில்லை. கால் வலி அடங்கி, பிசியோதெரபிஸ்ட் முதுகுத் தசைகளுக்குப் பயிற்சி கொடுத்த பிறகு, சமதளச் சாலையில் சிறிது தூரம் தொடங்கலாம். ஹேண்டில்பாரைச் சற்று உயர்த்திக்கொள்ளுங்கள், குனிவு குறையும். பெடல் கீழே போகும்போது இடுப்பு பக்கவாட்டில் ஆடினால் சீட் உயரம் அதிகம்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது ஸ்கேன் படங்களோடு, இதுவரை சாப்பிட்ட மாத்திரை அட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள்.